பட்டியலில் இல்லாத விஷம் – அத்தியாயம் 6: உறைந்த மனிதர்கள்

சென்ற வாரம்: 1979 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் ஹெராயின் மிஞ்சிச் செத்தவர்களைப் போலவே சிலர் மாண்டு கிடந்தார்கள். உடலைச் சோதித்த ஆய்வகங்களுக்கோ ஹெராயினும் சிக்கவில்லை, வேறெதுவும் சிக்கவில்லை. தெருவில் ‘சைனா ஒயிட்’ என்று விற்ற அந்தத் தூள் ஆல்ஃபா-மெத்தில்ஃபென்டனில் என்பது பல மாதங்கள் கழித்தே துலங்கியது. 1981-ல் அரசு அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. பிரச்சினை முடிந்தது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். பட்டியலில் மை காய்வதற்குள் வடக்கே, சான் ஹோசே நகரில்…

1

1982 ஜூலை. சாந்தா கிளாரா வேலி மருத்துவ மையம் என்பது சான் ஹோசேயில் கவுண்டி நிர்வாகம் நடத்துகிற பொது ஆஸ்பத்திரி. காப்பீடு இல்லாதவர்கள், கையில் காசில்லாதவர்கள், காவலில் இருப்பவர்கள் என எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம்.

அங்கே சிறையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயது 42. பேசவில்லை. அசையவில்லை. உட்காரவைத்தால் உட்கார்ந்தபடி, படுக்கவைத்தால் படுத்தபடி. கண்கள் திறந்திருந்தன. முகத்தில் வலி, பயம், கோபம் என எதற்கும் அடையாளமில்லை.

மனநலப் பிரிவினர் பார்த்தார்கள். மனச்சிதைவு நோயில் ஒரு வகை உண்டு. நோயாளி பேச்சும் அசைவும் அற்று விறைத்துப்போய்க் கிடப்பார். அதுவாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் ஏதோ இடித்தது. நரம்பியல் பிரிவினரைக் கூப்பிட்டார்கள். அவர்களோ இது மனநோய்தான் என்று திருப்பிவிட்டார்கள். இது உங்கள் கேஸ், இல்லை உங்கள் கேஸ் என்று இரண்டு பிரிவும் இழுபறியில் இருந்தபோதுதான் நரம்பியல் துறைத் தலைவரே நேரில் வந்தார். பெயர் வில்லியம் லாங்ஸ்டன்.

லாங்ஸ்டன் நோயாளியின் முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தார். கை சீராக மடங்கவில்லை. சற்று மடங்கி, நின்று, மறுபடி சற்று மடங்கி, நின்று, படிப்படியாக இழுபட்டது. இந்த விறைப்பை நரம்பியல் படித்த எவரும் அறிவார்கள். ஆனால் அதை அவர்கள் பார்த்திருப்பது எழுபது வயதுக்காரர்களின் கைகளில். இந்த மனிதருக்கு 42.

பிறகுதான் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கட்டளை கொடுத்தால் விரல்கள் மிக மிக மெதுவாக நகர்கின்றன. கையில் ஒரு பென்சிலைச் செருகினார்கள். காகிதத்தை அடியில் வைத்தார்கள். காத்திருந்தார்கள்.

பென்சில் நகர்ந்தது. எழுத்துகள் சிறுத்து, நெருங்கி, நத்தை வேகத்தில் வந்தன. தனக்கு என்ன நேர்ந்ததென்று தெரியவில்லை, செய்ய நினைப்பது தெரிகிறது, ஆனால் உடல் செய்ய மறுக்கிறது என்பதே அவர் எழுதியதன் சாரம்.

ஆக, அந்த உடம்புக்குள் முழுப் பிரக்ஞையோடு ஒரு மனிதர் இருக்கிறார்! சுற்றி நின்றவர்கள் தன்னைப் பற்றி நடத்திய வாக்குவாதம் அத்தனையையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடுத்த செய்தி இன்னும் மோசமாக வந்தது. அவருடைய காதலியும் இதே நிலையில் இருக்கிறார். அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான்.

2

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817-ல் விவரித்த நோய் இது. தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். கை நடுங்கும், நடை தளரும், தசை விறைக்கும், முகபாவம் வற்றும். பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டித் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும்.

காரணம் மூளையின் நடுப்பகுதியில் இருக்கிறது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறிய கருநிறத் திட்டு. அங்குள்ள நரம்பணுக்கள்தான் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரந்து உடலின் அசைவுகளை இயக்குகின்றன. அந்த அணுக்கள் செத்துக்கொண்டே வந்தால் நடுக்குவாதம். இதில் ஒரு விபரீதம் உண்டு. அணுக்களில் பாதி அழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. மிச்சமிருக்கும் அணுக்கள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். கையிருப்பு ஓர் எல்லைக்குக் கீழே போன பிறகுதான் முதல் அறிகுறி தலைகாட்டும். இந்தத் தகவலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் முடிவதற்குள் தேவைப்படும்.

லாங்ஸ்டன் குழு நோயாளிகளுக்கு லெவோடோபா கொடுத்துப் பார்த்தது. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து அது. நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையிலும் இந்த லெவோடோபா இருக்கிறது. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்ற இருவர் அதைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். நடுக்குவாதத்துக்கு அது மருந்தாகும் என்பது உலகத்துக்குத் தெரிய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

மருந்து வேலை செய்தது. உறைந்திருந்தவர்கள் அசைந்தார்கள், பேசினார்கள். இதனால் ஒன்று உறுதியாயிற்று. இது மனநோய் அல்ல; டோபமைன் வற்றிப்போன மூளை. ஆனால் முப்பது வயதுப் பெண்ணுக்கும் நாற்பத்திரண்டு வயது ஆணுக்கும் ஒரே நேரத்தில், சில நாட்களுக்குள், அது எப்படி வற்றும்?

பேச முடிந்தவுடன் விசாரித்தார்கள். இருவரும் ஹெராயின் ஊசி போடுபவர்கள். அண்மையில் தெருவில் புதிதாக ஒரு சரக்கு வந்திருந்தது. ‘செயற்கை ஹெராயின்’ என்று சொல்லி விற்றார்கள். அதைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹெராயின் புழக்கத்துக்கு வந்து அப்போதே முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. அது ஆளைக் கொல்லும், மூச்சை நிறுத்தும், குடும்பத்தை அழிக்கும். நடுக்குவாதம் தந்ததாக ஒரு பதிவும் கிடையாது.

இந்த நேரத்தில் மருத்துவர்களுக்குள் நடந்த பேச்சில் இன்னொரு ஊரின் பெயர் அடிபட்டது. வாட்சன்வில். சாந்தா குரூஸ் மலைகளுக்கு அப்பால், ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்கள் சூழ்ந்த விவசாய ஊர். அங்கே ஜேம்ஸ் டெட்ரட் என்ற நரம்பியல் மருத்துவரிடம் அண்ணன் தம்பி இருவர் வந்திருந்தார்கள். இருவருமே இருபதுகளில் இருப்பவர்கள். இருவருக்கும் முற்றிய நடுக்குவாதம். ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் பரம்பரை நோய் என்று எண்ணத்தானே தோன்றும்?

சான் ஹோசே கதையைக் கேட்டபின் டெட்ரட்டின் நோயாளிகளிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது. அவர்களும் ஹெராயின் பழக்கம் உள்ளவர்கள். அவர்களும் புதுச் சரக்கை ஏற்றியிருந்தார்கள்.

இரண்டு ஊர். நான்கு பேர். ஒரே தூள். அந்தத் தூளுக்குள் இருப்பது என்ன?

3

நோயாளிகளில் இருவர் பயன்படுத்திய சரக்கின் மிச்சம் கிடைத்தது. ஆய்வகத்தில் சோதித்தார்கள். ஹெராயின் துளியும் இல்லை. வேதியியலாளர்கள் முன்னால் இருந்தது கோப்பில் இல்லாத ஏதோ ஒன்று.

போதைப்பொருள் ஆய்வகம் எப்படி வேலை செய்யும்? கருவி ஒரு பொருளின் ரசாயன அடையாளத்தை வரைந்து கொடுக்கும். அந்த வரைபடத்தை ஏற்கெனவே தெரிந்த பொருட்களின் வரைபடங்களோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் பெயர் கிடைக்கும். ஒப்பிட மாதிரியே இல்லாத பொருள் வந்தால், காகிதத்தில் சில முகடுகள் தெரியும், அவ்வளவுதான். ஆரஞ்சு கவுண்டியில் ‘சைனா ஒயிட்’ தப்பித்தது இப்படித்தான் என்று போன வாரம் பார்த்தோம். சான் ஹோசேயிலும் அதே சுவர்.

இங்கேதான் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. விசாரணையில் தெரியவந்த விவரங்களைக் கேட்ட நச்சியல் நிபுணர் ஒருவருக்குப் பொறி தட்டியது. ஹெராயின் போன்ற ஏதோ ஒன்றை வீட்டிலேயே தயாரித்து ஊசி போட்டுக்கொண்ட ஓர் இளைஞனுக்கு நடுக்குவாதம் வந்ததாக ஒரு கட்டுரையைப் படித்த ஞாபகம். எந்த இதழ்? தேடி எடுத்தார்கள்.

‘சைக்கியாட்ரி ரிசர்ச்’. 1979-ம் ஆண்டு. முதல் தொகுதி. அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த மனநல மருத்துவ இதழ். நடுக்குவாதத்தைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் அதைப் புரட்டிப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. போதைப்பொருள் போலீஸ் புரட்டிப் பார்க்கவும் காரணமில்லை.

ஆறு பக்கக் கட்டுரை. அதைப் படித்து முடித்தபோது லாங்ஸ்டனுக்குத் தேடிய பதில் கிடைத்துவிட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இந்தப் பதில் மூன்று ஆண்டுகளாக அச்சில் கிடந்திருக்கிறது.

4

ஆறு ஆண்டுகள் பின்னால் போவோம். 1976. நாட்டின் மறுகோடியில், மேரிலாந்து மாநிலத்தின் பெத்தெஸ்தா. வேதியியலில் பட்டமேற்படிப்பு படித்த 23 வயது மாணவன். போதைப் பழக்கம் இருந்தது. தெருவில் வாங்குவதைவிடத் தானே தயாரிக்கலாம் என்று தோன்றிவிட்டது.

நம் ஊரிலும் பெத்திடின் ஊசியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரசவ வலிக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகான வலிக்கும் போடுவார்கள். 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான மருந்து. அதன் ரசாயனக் குடும்பத்தில் ஒரு சகோதரப் பொருள் உண்டு. சுருக்கப் பெயர் எம்பிபிபி. 1940-களில் ஒரு மருந்து நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவாகி, கட்டுரையாக வெளிவந்து, சந்தைக்கு வராமலே மறக்கப்பட்ட பொருள். மாணவன் நூலகத்தில் அதைக் கண்டெடுத்தான். தடைப் பட்டியலில் அது இல்லை. வீட்டில் செய்தான். பல மாதங்கள் ஊசி போட்டுக்கொண்டான். விபரீதம் எதுவும் நேரவில்லை.

ஒருமுறை அவசரப்பட்டான். தயாரிப்பில் குறுக்குவழி எடுத்தான். அந்த முறை செய்த சரக்கை ஏற்றிக்கொண்ட சில நாட்களில் பேச்சு போயிற்று, அசைவு போயிற்று. அவனுக்கும் முதலில் மனநோய் என்றே சிகிச்சை நடந்தது. பிறகு யாரோ ஒரு மருத்துவருக்கு நடுக்குவாதம் என்று பிடிபட, லெவோடோபா கொடுத்தார்கள். அசைந்தான்.

விஷயம் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்துக்குப் போயிற்று. அங்கிருந்த வேதியியலாளர் சான்ஃபோர்ட் மார்க்கி மாணவன் பயன்படுத்திய கண்ணாடிக் குடுவைகளைச் சேகரித்து, அடியில் ஒட்டியிருந்த மிச்சத்தை ஆராய்ந்தார். எம்பிபிபி இருந்தது. கூடவே குறுக்குவழியில் உருவான துணைப்பொருட்களும் இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் எம்பிடிபி.

சந்தேகப்பட்ட பொருட்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் கொஞ்ச நேரம் மந்தமாகக் கிடந்துவிட்டு எழுந்து ஓடின. எது குற்றவாளி என்று உறுதிசெய்ய முடியவில்லை. 1978-ல் அந்த மாணவன் கோகெய்ன் மிஞ்சி இறந்தான். மூளையைத் திறந்து பார்த்தபோது சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் அணுக்கள் அழிந்திருந்தன. ஒரே ஒரு நோயாளி, முடிவு தராத எலிச் சோதனை, ஒரு பிரேதப் பரிசோதனை. இவ்வளவையும் தொகுத்து ஆய்வாளர்கள் 1979-ல் கட்டுரையாக்கினார்கள்.

உண்மையை மறைத்தவர் யாருமில்லை. ஆய்வாளர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள், எழுதினார்கள், அச்சிட்டார்கள். அது போய்ச் சேர வேண்டியவர்களுக்கும் அதற்கும் நடுவே பாதைதான் இல்லை. ஒரு தனி மனிதனின் வீட்டு விபத்தாக இருந்தவரை அதனால் பெரிய கேடில்லை. இப்போது 1982-ல், அதே தப்பை வியாபாரத்துக்காகத் தயாரிப்பவன் ஒருவன் செய்திருக்கிறான். சான் ஹோசே தூளைச் சோதித்தபோது அதில் எம்பிபிபி வெறும் சுவடுதான். ஏறக்குறைய எல்லாமே எம்பிடிபி.

அந்தச் சரக்கு இன்னும் தெருவில் விற்றுக்கொண்டிருந்தது.

5

லாங்ஸ்டன் முன்னால் இரண்டு வழிகள். முறைப்படி கட்டுரை எழுதி, இதழுக்கு அனுப்பி, நிபுணர்கள் படித்து, அச்சாகும் வரை காத்திருக்கலாம். அல்லது இன்றே ஊரைக் கூட்டலாம். பத்திரிகைகளையும் தொலைக்காட்சியையும் கூப்பிட்டார். புதிதாக வந்திருக்கும் செயற்கை ஹெராயினைத் தொடாதீர்கள் என்று எச்சரித்தார். போதைப் பழக்கம் உள்ளவர்களிடம் மருத்துவர் இப்படி நேரடியாகப் பேசுவது அன்று வழக்கமில்லை. ஒழுக்கம் பேசாமல், எது ஆளை உறையவைக்கும் என்று மட்டும் சொன்னார்.

எச்சரிக்கைக்கு இன்னொரு பயனும் இருந்தது. வேறு மருத்துவர்கள் பார்த்திருந்த, புரியாமல் விட்டிருந்த நோயாளிகள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை ஏழானது.

1983 பிப்ரவரி 25. லாங்ஸ்டன், ஃபிலிப் பல்லார்ட், ஜேம்ஸ் டெட்ரட், இயன் இர்வின் நால்வரும் எழுதிய கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. முதல் நான்கு நோயாளிகளின் கதை அதில் இருந்தது. இந்த ரசாயனம் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் அணுக்களைத் தேர்ந்தெடுத்துத் தாக்குகிறது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. நடுக்குவாதத்தை உண்டாக்கும் ஒரு ரசாயனம் கைக்குக் கிடைத்தால், அந்த நோயை விலங்கில் உருவாக்கி ஆராயலாம், மருந்தைச் சோதிக்கலாம்.

அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குரங்குகள் உறைந்தன. எலிகள் ஏமாற்றிய இடத்தில் குரங்குகள் உண்மையைச் சொன்னபின், எம்பிடிபி எப்படிக் கொல்கிறது என்பது அடுத்தடுத்துத் துலங்கியது. உள்ளே போகும்போது அது விஷமே இல்லை. மூளையில் உள்ள எம்ஏஓ-பி என்ற நொதி அதை எம்பிபி-பிளஸ் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள் டோபமைனின் சாயலில் இருக்கிறது. உறவுக்காரன் வேடத்தில் வந்த திருடனுக்குத் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவதுபோல், டோபமைன் அணுக்கள் தாங்களே அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் அணுவின் ஆற்றல் உற்பத்தியையே அது நிறுத்திவிடுகிறது.

அறிவியலுக்குக் கிடைத்தது புதையல். ஆனால் இந்தத் தொடர் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. கண்காணிக்க வேண்டியவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்?

6

கண்காணிப்பே இல்லாத நாடல்ல அமெரிக்கா. 1972-லேயே டான் என்ற சுருக்கப் பெயரில் போதைப்பொருள் எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளும் பிரேதப் பரிசோதனை அலுவலகங்களும் தங்களிடம் வரும் போதைப்பொருள் கேஸ்களைக் கணக்கெழுதி அனுப்பும். எந்த நகரில் எந்தப் பொருள் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று அதிலிருந்து பார்ப்பார்கள்.

1976-ல் இன்னொரு ஏற்பாடும் வந்தது. தேசிய போதைப்பொருள் நிறுவனம் பெருநகரங்களின் ஆய்வாளர்களைக் கூட்டி ஒரு குழு அமைத்தது. ஆண்டுக்கு இருமுறை சந்திப்பார்கள். அவரவர் ஊரில் ஆஸ்பத்திரி என்ன சொல்கிறது, சிகிச்சை மையம் என்ன சொல்கிறது, போலீஸ் ஆய்வகம் என்ன சொல்கிறது என்று மேசையில் வைத்துப் பேசுவார்கள். நல்ல யோசனை. பின்னாளில் பல நாடுகள் பின்பற்றியதும்கூட.

அப்படியிருந்தும் உறைந்த மனிதர்கள் இந்த வலையில் ஏன் சிக்கவில்லை?

வலையின் கண்களைப் பாருங்கள். டான் கணக்கில் ஏறியது நோயாளி சொல்லும் பெயர், அல்லது மருத்துவக் குறிப்பில் இருக்கும் பெயர். தூளையோ ரத்தத்தையோ யாரும் ஒவ்வொரு முறையும் சோதிக்கவில்லை. ஹெராயின் என்று விற்றதை ஹெராயின் என்று வாங்கி ஹெராயின் என்று ஏற்றிக்கொண்டவர் ஹெராயின் என்றுதான் சொல்வார். கணக்கில் ஹெராயினுக்கு ஓர் எண் கூடும். அதுவும் அவர் மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு வந்தால். பேச்சற்று மனநலப் பிரிவில் கிடப்பவர் அந்தக் கணக்கில் வர வேண்டிய அவசியமே இல்லை. வாட்சன்வில் சகோதரர்களோ நரம்பியல் மருத்துவரிடம் போனவர்கள். வலை, வழக்கமான மீன் வழக்கமான வழியில் வந்தால் மட்டுமே பிடிக்கும்படி பின்னப்பட்டிருந்தது.

சட்டத்தின் கதையும் அதேதான். 1970-ம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லித் தடைசெய்தது. பெயர் இல்லாவிட்டால் குற்றம் இல்லை. மூலக்கூறில் ஓரத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தால் புதுப் பொருள். புதுப் பொருள் பட்டியலில் இருக்காது. ‘சைனா ஒயிட்’ பட்டியலில் ஏறியதும் தயாரித்தவர்கள் ஃபென்டனில் குடும்பத்தின் அடுத்த உறுப்பினருக்கு நகர்ந்தார்கள். ஆரஞ்சு கவுண்டி மரணங்களில் தொடங்கிய அந்த வரிசை, எண்பதுகள் முடிவதற்குள் கலிஃபோர்னியாவில் மட்டும் நூறு உயிர்களுக்கு மேல் பலிவாங்கியது. இந்த மனிதர்களை உறையவைத்த தூளை விற்றவர் மீது எம்பிபிபி வைத்திருந்ததற்காக 1982-ல் வழக்குப் போட முடியாது. அது சட்டத்துக்கு வெளியே இருந்தது.

அரசு விழித்துக்கொண்டது. 1984-ல் கொண்டுவந்த சட்டம், ஆபத்தான புதுப் பொருளை உடனடியாகத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரத்தைத் தந்தது. 1985-ல் எம்பிபிபி அப்படிச் சேர்க்கப்பட்டது. 1986-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தடைசெய்யப்பட்ட பொருளுக்கு ரசாயன அமைப்பிலும் விளைவிலும் நெருங்கிய எதையும், மனிதர்கள் உட்கொள்ளும் நோக்கில் விற்றால், பட்டியலில் இல்லாவிட்டாலும் குற்றம் என்றது ஒப்புப்பொருள் சட்டம்.

சட்டப் புத்தகத்தில் ஓட்டையை அடைத்தாயிற்று. கண்காணிப்பில் இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. சட்டம் எவ்வளவு வேகமாக ஓடினாலும், இதோ ஒரு புதுப் பொருள் வந்திருக்கிறது என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும். சான் ஹோசேயில் அதைச் சொன்னது எந்த வலையமைப்பும் அல்ல. ஒரு கையை மடக்கிப் பார்த்த நரம்பியல் மருத்துவர், வேறொரு ஊரின் நோயாளிகளை நினைவுபடுத்திய சக மருத்துவர்கள், பழைய கட்டுரையை மறக்காத ஒரு நச்சியல் நிபுணர். இவர்களில் ஒருவர் அன்று விடுப்பில் போயிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும். புதுப் போதையைக் கண்டுபிடிக்க ஒரு நாடு இவ்வளவு அதிர்ஷ்டத்தை நம்பியா இருப்பது?

இந்தக் கேள்வியோடு லாங்ஸ்டன் அறைக்குள் இன்னொரு கேள்வியும் வந்து உட்கார்ந்தது. அது தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

7

தயாரித்தவன் ஏழு பேருக்காக மட்டும் சரக்குப் போட்டிருக்க மாட்டான். அப்படியானால் அந்தத் தூளை ஏற்றிக்கொண்ட மற்றவர்கள் எங்கே?

அவர்களைத் தேடும் வேலை தொடங்கியது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிபுணர்களும் இதில் இறங்கினார்கள். போதை மறுவாழ்வு மையங்கள், சிறைகள், நண்பர் சொல்லி நண்பர் என்று ஆள் ஆளாகத் தேடினார்கள். முகவரியற்றவர்கள், போலீஸுக்குப் பயந்தவர்கள், மருத்துவரைக் கண்டால் ஒதுங்குபவர்கள். அவர்களிடம் உட்கார்ந்து, எந்த ஆண்டு, எந்த மாதம், எப்படி இருந்தது அந்தத் தூள், ஏற்றியபோது எரிச்சல் இருந்ததா என்று கேட்டார்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கணக்கை இப்படித்தான் கையால் எழுதினார்கள். எம்பிடிபி கலந்த சரக்கைத் தொட்டிருக்கக்கூடியவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேறினார்கள்.

நடந்தார்கள். பேசினார்கள். சிரித்தார்கள். பெரும்பாலோருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தப்பித்துவிட்டோம் என்று நம்பினார்கள்.

இரண்டாம் பகுதியில் நினைவில் வைக்கச் சொன்ன தகவல் இப்போது தேவைப்படுகிறது. நைக்ராவின் அணுக்களில் பாதி அழிந்தாலும் வெளியே தெரியாது. வயது ஏற ஏற எல்லோருக்கும் அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஏற்கெனவே பாதியை இழந்தவர் ஒருவர் இருந்தால், இருபது ஆண்டு கழித்து வர வேண்டிய நோய் அவருக்கு எப்போது வரும்? இந்த நூற்றுக்கணக்கான பேரும் தப்பித்தவர்களா, அல்லது வரிசையில் நிற்பவர்களா?

உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. உடம்பை வெளியிலிருந்து எவ்வளவு சோதித்தாலும் இந்தக் கணக்கு பிடிபடாது. ஆனால் கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், டொனால்ட் கால்ன் என்ற நரம்பியலாளரிடம் அன்றைய உலகில் அபூர்வமான ஒரு கருவி இருந்தது. பெட் ஸ்கேன். லெவோடோபாவோடு கதிர்வீசும் ஃப்ளூரினை இணைத்து ரத்தத்தில் செலுத்துவார்கள். டோபமைன் அணுக்கள் உயிரோடு இருக்கும் இடத்தில் அது போய்ச் சேரும்; கருவி அந்த இடத்தைப் படம் பிடிக்கும். அணுக்கள் எவ்வளவு மிச்சம் என்பதை மண்டையைத் திறக்காமலே பார்த்துவிடலாம்.

லாங்ஸ்டனும் கால்னும் கைகோத்தார்கள். எம்பிடிபி ஏற்றிக்கொண்டும் எந்த அறிகுறியும் இல்லாத நான்கு பேர் வான்கூவர் போனார்கள். நால்வரும் தங்கள் கால்களால் நடந்தே கருவியிடம் போய்ப் படுத்தார்கள். ஒருவர் கைகூட நடுங்கவில்லை.

1985-ல் ‘நேச்சர்’ இதழுக்குப் போன அந்த நான்கு படங்களும் ஒரே பதிலைச் சொன்னால், கலிஃபோர்னியாவில் இன்னும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு யாராவது போய்க் கதவைத் தட்டியாக வேண்டும். தட்டிவிட்டு என்ன சொல்வது?

படங்கள் என்ன சொன்னன? அடுத்த வாரம்.

(தொடரும்)